கல்லூரியில் முதலாம் ஆண்டு

ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. அடுத்த சில வாரங்களில் கலை அறிவியல் கல்லூரிகள் தம் வாயில்களைத் திறந்து புதிய மாணவர்களை வரவேற்கின்றன. புதுப் பையும் புதுச் செருப்புமாகப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்த அளவிலேயே, இவர்கள் முதலாம் ஆண்டு மாணவர்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றியவன் நான். அவற்றுள் இறுதிப் பதினொரு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். அக்காலத்தில் எத்தனையோ மாற்றுச் சான்றிதழ்களில் கையொப்பம் இட்டிருக்கிறேன். சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வணங்கி நிற்கும் மாணவனிடம், "நன்றாகப் படி, நல்ல பெயர் எடு" என்று சொல்லி அனுப்புவேன். "ஆகட்டும் ஐயா" என்று அவனும் விடைபெற்றுச் செல்வான். கல்லூரியில் நன்றாகப் படிப்பது என்றால் என்ன என்று அவன் கேட்டதில்லை; நெடுங்காலம் நானும் சொன்னதில்லை. அந்தக் கடனை இன்று ஓரளவேனும் தீர்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'கலை அறிவியல் கல்லூரி' என்கிறோம். கலை என்றவுடன் ஆடலும் பாடலும் ஓவியமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், இங்கே கலை என்பது அந்தப் பொருளில் வழங்கவில்லை. ஐரோப்பாவில் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் ஏழு கலைகளைக் கற்பித்தார்கள். இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்பன முதல் மூன்று. எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்பன அடுத்த நான்கு. இந்த ஏழினையும் கற்ற பின்னரே சட்டம், மருத்துவம், சமயம் ஆகிய தொழிற்கல்விக்குச் செல்வது அன்றைய முறை. இவற்றுக்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயரில், 'லிபர்' என்னும் சொல்லின் அடி உண்டு. அடிமையல்லாத மனிதன் என்பது அதன் பொருள். பிறர் இட்ட வேலையைச் செய்வதற்கு மட்டும் ஒருவனைப் பழக்கும் கல்வி அன்று இது. தானே எண்ணித் துணிவதற்கு அவனை ஆளாக்கும் கல்வி என்பது கருத்து. மொழியும் கணக்கும் இசையும் வானியலும் ஒரே படிப்பில் அடங்கியிருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டன. பி.ஏ. என்னும் பட்டம் அவற்றின் வழியாகவே நம்மிடையே வேரூன்றியது. அக்காலத்தில் அறிவியல் பயின்றவர்க்கும் பி.ஏ. பட்டமே வழங்கினார்கள். சர் சி. வி. இராமன் இயற்பியல் பயின்று 1904-இல் பெற்றது பி.ஏ. பட்டந்தான். பட்ட வகுப்புக்கு முன் எஃப்.ஏ. என்ற படிப்பு ஒரு காலத்தில் இருந்தது. அதன் பின் இண்டர்மீடியட் வகுப்பு இரண்டு ஆண்டுகள் நடைபெற்றது. பிறகு ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. இவையெல்லாம் கல்லூரியிலேயே நடந்தவை. ஆகவே, பட்ட வகுப்பில் நுழையும் மாணவன் கல்லூரியின் பழக்க வழக்கங்களை முன்னரே சிறிது அறிந்திருந்தான். தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கப்பட்ட பின் அந்த இடைப்படி நீங்கிவிட்டது. நேற்று வரை பள்ளிச் சீருடையில் இருந்த பிள்ளை இன்று நேரே பட்ட வகுப்பில் அமர்கிறது. முதலாம் ஆண்டு இன்று இவ்வளவு கடினமாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கருத்து.

நானோ அந்த இடைப்படியில் கால்வைத்து ஏறியவன். ஆயினும் தடுமாறினேன். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முசிறிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். பதினோராம் வகுப்பை 1974-இல் முடித்தேன். புகுமுக வகுப்பைத் தமிழ்வழியில் பயின்று தேறி, 1975-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பட்ட வகுப்பில் சேர்ந்தேன். அங்கே பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. முதல் நாள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு, 'மொமென்டம்' என்று ஒரு சொல்லைப் பலமுறை சொன்னார். மற்றவர்கள் தலையை அசைத்தார்கள், நானும் அசைத்தேன். அவர் சொன்னது இன்னதென்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் வேறு சில சொற்கள் வந்தன. அதற்கு அடுத்த நாள் இன்னும் சில. மூன்று வாரங்கள் இப்படியே கழிந்தன. பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் இங்கே கடைசி வரிசைக்குத் தானாகவே போய் உட்கார்ந்துகொண்டேன். ஆசிரியரின் பார்வை என் மீது விழாமல் இருந்தால் போதும் என்பதே என் வேண்டுதலாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஊருக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். விடுதி அறையில் என் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அறையில் என்னுடன் தங்கியிருந்தவர் வரலாறு பயின்ற மூன்றாம் ஆண்டு மாணவர். அவர் ஏன் என்று கேட்டார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அண்ணா" என்றேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன் வைத்தார். "தம்பி, போவதானால் போ. உன்னைத் தடுக்கவில்லை. ஆனால், எது எது தெரியவில்லை என்பதை இதில் எழுதி வைத்துவிட்டுப் போ" என்றார்.

எனக்குச் சினம் வந்தது. ஆயினும் எழுத உட்கார்ந்தேன். ஒன்றுமே தெரியாது என்று சொன்னவனுக்கு எழுத ஆயிரம் இருக்கவேண்டும் அல்லவா? அரைமணி நேரம் எண்ணி எண்ணி எழுதியும் இருபத்து மூன்று சொற்களுக்கு மேல் எனக்கு அகப்படவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் மறுநாள் காலை நூலகத்துக்குச் சென்றோம். தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் அங்கே ஓர் அலமாரியில் வரிசையாக நின்றது. பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு உருவான அந்தப் பெருநூலை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். ஓர் ஆங்கில அகராதியையும், நான் பயின்ற புகுமுக வகுப்புப் பாடநூலையும், அந்தத் தொகுதிகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடினோம். 'மொமென்டம்' என்பது உந்தம். 'ஆக்ஸலரேஷன்' என்பது முடுக்கம். 'சர்ஃபேஸ் டென்ஷன்' என்பது பரப்பு இழுவிசை. இவையெல்லாம் நான் கற்றவை; கணக்குப் போட்டவை; தேர்வில் மதிப்பெண் பெற்றவை! இருபத்து மூன்றில் பதினேழு எனக்கு முன்னரே தெரிந்திருந்தன. மூன்று வாரமாக என்னை அச்சுறுத்தியவை பொருள்கள் அல்ல, பெயர்கள். உண்மையில் எனக்குத் தெரியாதவை ஆறே ஆறு.

ஆறு செய்திகள் தெரியவில்லை என்பதற்காக ஒருவன் கல்லூரியை விட்டுப் போவானா? அந்த ஆறினையும் திங்கட்கிழமை பேராசிரியரிடம் சென்று கேட்டேன். அவர் நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னதே எனக்கு வியப்பாக இருந்தது. பள்ளியில் ஆசிரியர் மாணவனைத் தேடி வருவார். கல்லூரியில் மாணவன் ஆசிரியரைத் தேடிச் செல்லவேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை அறியப் பலருக்கு ஓராண்டு ஆகிறது. சிலருக்கு அதற்குள் கல்லூரியே முடிந்துபோகிறது.

இனி, இன்றைய முதலாம் ஆண்டுப் பாடத்திட்டத்தைச் சிறிது பார்ப்போம். நம் மாநிலத்துக் கல்லூரிகளில் பொதுவாக அது பல பகுதிகளாக அமைந்துள்ளது. முதற்பகுதி தமிழ் அல்லது மாணவர் விரும்பும் வேறொரு மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும் அடங்கும். வேதியியல் மாணவர் துணைப் பாடமாகக் கணிதமோ இயற்பியலோ பயில்வார். பொருளியல் மாணவர் புள்ளியியல் பயில்வார். இவற்றை அடுத்து, வேறு துறையிலிருந்து ஒரு விருப்பப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, நாட்டு நலப்பணி முதலியன வரும். ஆண்டு இரண்டு பருவங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தேர்வு உண்டு.

இதைக் கண்டு மாணவர்கள் கேட்கும் வினா ஒன்று உண்டு. "வேதியியல் படிக்க வந்த எனக்குத் தமிழ் எதற்கு? ஆங்கிலம் எதற்கு? கணிதம் எதற்கு? இவற்றைப் பள்ளியோடு முடித்துவிட்டேனே?" இது நியாயமான வினா. இதற்கு எளிதில் விடை கூறி உங்களை ஏய்க்க விரும்பவில்லை. ஏனெனில், இந்த வினாவின் மறுபக்கத்தில் நம் நாட்டின் மிகச் சிறந்த கணித மேதை ஒருவரே நிற்கிறார்.

சீனிவாச இராமானுசன் 1904-ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த கல்லூரி அது; அவர் 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றுவிட்டார். இராமானுசனின் உள்ளம் முழுவதும் கணிதத்தில் தோய்ந்திருந்தது. பிற பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. 1905-இல் வீட்டில் சொல்லாமலே விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர் 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதம் தவிர்த்த பாடங்கள் அவரை விழுங்கின. 1907-இல் மீண்டும் தேர்வு எழுதியும் அவர் தேறவில்லை. அதன் பின் சில ஆண்டுகள் அவர் பட்ட வறுமையை நீங்கள் அறிவீர்கள். 1913-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய மடல் அவர் வாழ்வை மாற்றியது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் அளித்தது. 1918-இல் இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1920-இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

இந்த வரலாற்றைச் சொல்லி, "பார்த்தீர்களா, பிற பாடங்கள் வேண்டாதவை" என்று கூறும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. இராமானுசன் ஆங்கிலத்திலிருந்து மிச்சப்படுத்திய நேரத்தில் கணிதம் செய்தார். நீங்கள் மிச்சப்படுத்தும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள்? மேலும், அவருக்கு நேர்ந்ததை நாம் சரி என்று சொல்லலாகாது. ஒரு பாடத்தில் தவறியவனுக்கு எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடுவது கல்விமுறையின் குறை. இன்று தவறிய பாடத்தை மட்டும் அடுத்த பருவத்தில் எழுதலாம். அந்த வசதி அவருக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. முதற்பருவத்தில் ஒரு பாடத்தில் தவறியதற்காகப் பெட்டியைக் கட்டும் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். தம் வாழ்வில் ஆழ்ந்து பதிந்த நூல்கள் எவை என்பதைச் சர் சி. வி. இராமன் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிட்டவை மூன்று. ஒன்று, புத்தர் பெருமானின் வாழ்வைப் பாடும் எட்வின் ஆர்னால்டின் ஆங்கிலக் காவியம். மற்றொன்று, யூக்ளிடின் வடிவகணித நூல். மூன்றாவது, இசையொலிகளின் இயல்பைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய அறிவியல் நூல். காவியம், கணிதம், இசை! ஐரோப்பாவின் அந்தப் பழைய ஏழு கலைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன் அல்லவா? மொழியும் கணக்கும் இசையும் ஓர் இயற்பியல் அறிஞரின் உள்ளத்தில் ஒன்றாகக் குடியிருந்தன. வீணையின் நரம்பும் மிருதங்கத்தின் தோலும் எழுப்பும் ஒலிகளை அவர் பிற்காலத்தில் ஆராய்ந்தது தற்செயலாக நிகழ்ந்தது அன்று.

ஆகவே, முதலாம் ஆண்டில் பல பாடங்கள் இருப்பதன் பயனை நான் இவ்வாறு காண்கிறேன். அவை உங்களைப் பல துறைகளில் மீண்டும் தொடக்கநிலை மாணவராக ஆக்குகின்றன. பள்ளியில் முதல்வராக இருந்தவரும் இங்கே ஏதேனும் ஒரு வகுப்பில் ஒன்றும் அறியாதவராக அமர்ந்தாகவேண்டும். அது மனத்துக்குக் கசப்பானது. ஆனால், தெரியாதவனாக இருப்பதற்கு நாணாமல், தெரியாதது எது என்று கூர்ந்து பார்க்கப் பழகுவதே உயர்கல்வியின் முதற்படி. மூன்றாம் ஆண்டில் நீங்கள் கற்கும் பாடத்தில் ஒரு பகுதி பத்து ஆண்டுகளில் பழையதாகிவிடலாம். இந்தப் பழக்கம் பழையதாகாது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு, நான் செய்த ஒரு தவறும் காரணம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில் நடந்தது. எங்கள் பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவன் வேதியியல் பட்ட வகுப்பில் சேர்ந்தான். அவன் வீட்டில் அதற்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் யாரும் இல்லை. செப்டம்பர் மாதம் ஒரு நாள் அவன் என் அறைக்கு வந்தான். காலாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம். என் மேசைமேல் வினாத்தாள் கட்டுகள் கிடந்தன. "ஐயா, கல்லூரி எனக்கு ஒத்துவரவில்லை. திருப்பூரில் பனியன் வேலைக்கு மாமா கூப்பிடுகிறார்" என்றான். நான் தலையை நிமிர்த்தி, "நன்றாக யோசித்துச் செய்யப்பா; படிப்பை விட்டுவிடாதே" என்றேன். இரண்டு நிமிடம் நின்றான். வேறு ஏதேனும் கேட்பேன் என்று எதிர்பார்த்தானோ என்னவோ, நான் கேட்கவில்லை. வணங்கிவிட்டுப் போனான். அடுத்த வாரம் திருப்பூருக்குப் பேருந்து ஏறிவிட்டான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவனுடைய தங்கையின் மாற்றுச் சான்றிதழுக்காக அவன் தாய் பள்ளிக்கு வந்தார். அவர் மூலமாகவே உண்மை எனக்குத் தெரிந்தது. ஆய்வகத்தில் செய்த சோதனைகளை எழுதிக் கொடுக்கவேண்டிய குறிப்பேட்டை அவன் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அதை எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கொடுக்கவில்லை. மறு வாரம் கேட்பார்களே என்று அஞ்சி ஆய்வகத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வாரம் கல்லூரிக்கே போகவில்லை. காரணம் அவ்வளவே! நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அட்டவணை, முடிவு என ஐந்து தலைப்புகளை ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இயற்பியல் கற்பித்தவன் நான். அந்தப் பத்து நிமிடம் என்னிடம் இருந்தது. "எது தெரியவில்லை?" என்ற ஒரு வினாவை நான் கேட்கவில்லை. எனக்கு ஒருவர் கேட்ட வினாவை நான் இன்னொருவனுக்குக் கேட்கத் தவறினேன். அவன் திருப்பூரில் நேர்மையாக உழைத்து வாழ்கிறான்; அவன் தொழிலை நான் தாழ்வாக நினைக்கவில்லை. ஆனால், அந்தத் தொழிலை அவன் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஓர் அச்சம் அவனுக்காகத் தேர்ந்தெடுத்தது. அதுதான் என்னை வருத்துகிறது.

அன்றுமுதல் ஓய்வுபெறும்வரை ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டேன். மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு மாணவரிடமும், "ஆயுத பூசை விடுமுறையில் பள்ளிக்கு வந்து என்னைப் பார்க்கவேண்டும், வரும்போது, தெரியாதவற்றை எழுதிய தாள் ஒன்று கையில் இருக்கவேண்டும்" என்று சொல்லி அனுப்பினேன். எல்லாரும் வரவில்லை. வந்தவர்கள் கொண்டுவந்த தாள்களில் பாடச் சொற்கள் மட்டும் இல்லை. "கட்டணத்தை எந்த அறையில் கட்டுவது?", "பேராசிரியரை எந்த நேரத்தில் பார்க்கலாம்?", "நூலக அட்டை எப்படிப் பெறுவது?" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி ஒரே வரி எழுதியிருந்தாள்: "என்னுடன் பேச யாரும் இல்லை." அதற்கு எந்தக் கலைக்களஞ்சியத்திலும் விடை இல்லை. அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்ற எங்கள் பழைய மாணவி ஒருத்தியும் அன்று வந்திருந்தாள். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது என்று பின்னர் அறிந்தேன்.

மாணவ நண்பர்களே, இந்த அனுபவத்திலிருந்து சில செய்திகளை உங்களுக்குச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒரு குறிப்பேட்டை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கேட்ட புதிய சொல்லை முதற்பத்தியிலும், அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை அடுத்த பத்தியிலும், அதன் பொருளை உங்கள் சொந்தச் சொற்களில் மூன்றாம் பத்தியிலும் எழுதுங்கள். மூன்றாம் பத்தியை நிரப்ப முடியவில்லையென்றால் அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியாது என்று பொருள். அதைத்தான் ஆசிரியரிடம் கேட்கவேண்டும். நான் தொட்டு வியந்த அந்தக் கலைக்களஞ்சியத்தை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இரண்டாவது, மொழிப்பாட வகுப்பை ஓய்வு நேரமாகக் கருதாதீர்கள். எந்தத் துறையில் கற்றாலும் கற்றதைச் சொல்லியும் எழுதியும் காட்டவேண்டியவர்கள் நீங்கள். திருப்பூர் சென்ற என் மாணவனுக்கு வேதியியல் தெரிந்திருந்தது. அதை எழுதும் முறை தெரியவில்லை. கட்டுரை வகுப்பில் ஒரு பத்தியைத் திருத்தமாக எழுதப் பழகியவர் ஆய்வகக் குறிப்பேட்டுக்கு அஞ்சமாட்டார்.

மூன்றாவது, இன்று கைப்பேசியில் கேட்டால் நொடியில் விடை கிடைக்கிறது. கட்டுரையையே எழுதித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. ஆனால், விடை கிடைப்பது வேறு, விளங்குவது வேறு. எது தெரியவில்லை என்று எழுதும் அந்த ஒரு தாளை மட்டும் எந்தக் கருவியிடமும் கேட்காதீர்கள். அதை உங்கள் கையால் நீங்களே எழுதுங்கள்.

நான்காவது, பணத்தின் காரணமாகத் தயங்குபவர்கள் முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைகளைப் பற்றி விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கென 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கென 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்கும் வகையில் தொடங்கப்பட்டன. உரிய நாளில் விண்ணப்பிக்கத் தவறிக் கிடைக்கவேண்டியதை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

ஐந்தாவது, "மருத்துவம் கிடைக்கவில்லை, பொறியியல் கிடைக்கவில்லை, அதனால் இங்கு வந்தேன்" என்ற நினைவைக் கல்லூரி வாயிலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே விமானப் பொறியியலுக்குச் சென்றார். கலை அறிவியல் கல்வி எந்தக் கதவையும் அடைப்பதில்லை. எந்தக் கதவு தமக்குரியது என்று தெரிந்துகொள்ள மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும், "எப்படிப் படிக்கிறாய்?" என்று கேட்காதீர்கள். "நன்றாக" என்ற ஒரே விடைதான் வரும். "இன்று விளங்காதது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். விடையை நீங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை. பள்ளி வாசலையே மிதிக்காத தாயும் இந்த வினாவைக் கேட்கலாம். பிள்ளை வாய்விட்டுச் சொன்ன அந்த நொடியிலேயே பாதி அச்சம் நீங்கிவிடும்.

எனக்கு வெள்ளைத் தாளைக் கொடுத்த அந்த வரலாற்று மாணவர் மறு ஆண்டு தேர்வு முடிந்து ஊருக்குப் போனார். அதன் பின் அவரை நான் சந்திக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் விடுதியில், உங்கள் வகுப்பில், பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் அருகில் சென்று ஒரு தாளை வையுங்கள்.